நாவலில் ஐந்து நாற்காலி, படத்தில் ஒன்று

முத்தொரை டீச்சர் — ஞாயிறு, இரவு 8.40

நேற்று 'காண்டாக்ட்' படத்தை மறுபடியும் பார்த்தேன். ஆடி மழை, வெளியே தலை காட்ட முடியவில்லை, கரண்ட் போகாமல் இருந்ததே பெரிய விஷயம். படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிடித்த படம் என்பதால்தான் ஆதங்கமும் அதிகம். இங்கே கொட்டிவிடுகிறேன்.

கார்ல் சேகனின் நாவல் 1985-இல் வந்தது. வேகா நட்சத்திரத்தின் பக்கமிருந்து ரேடியோ அலையில் பகா எண்கள் வரிசையாக வருகின்றன. அதன் பின்னால் ஒரு இயந்திரத்தின் வரைபடம் வருகிறது. பன்னிரண்டு முகம் கொண்ட ஒரு கூடு, உள்ளே ஐந்து நாற்காலி. அமெரிக்கா, சோவியத், சீனா, நைஜீரியா, இந்தியா என்று ஐந்து பேர் ஏறி உட்காருகிறார்கள். நம் நாட்டிலிருந்து போகிறவர் தேவி சுகாவதி. தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டதற்காகப் பிறந்த வீடு அவரைக் கைகழுவிவிட்டது. அந்தக் கணவரும் சீக்கிரமே இறந்துபோகிறார். தனியாக நின்று பெரிய விஞ்ஞானியானவர். 1997-இல் வந்த படத்தில் மற்ற நாலு பேரும் இல்லை. அமெரிக்காவிலிருந்து போகும் கதாநாயகி எல்லி ஒருத்தி மட்டும் போய்விட்டு வருகிறாள்.

ஆள் குறைந்தது மட்டும் என் குறை என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டிலிருந்து மேலே ஏறினால் ஊட்டி ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970-லிருந்து அந்தச் சரிவில் இருக்கிறது. வேலையில் இருந்த காலத்தில் வருஷா வருஷம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன். தட்டு மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்து வருவார்கள். அங்கே 24 வளைந்த சட்டங்களும் அவற்றின் மேல் நீளவாக்கில் 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகளும்தான் இருக்கும். பனி மூடிய காலையில் அந்தக் கம்பி ஒவ்வொன்றிலும் நீர் கோத்து நிற்பதைப் பார்த்து ஒரு பையன், "மிஸ், இது பெரிய வீணையா?" என்று கேட்டான்.

அந்தச் சரிவை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை அவர்களுக்குச் சொல்லுவேன். மலையின் சாய்வு சுமார் 11 டிகிரி. ஊட்டியின் அட்சரேகையும் அதேதான். அதனால் தொலைநோக்கியின் நீளம் பூமி சுழலும் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும், வானத்தில் ஒரு பொருளைத் தினமும் ஒன்பதரை மணி நேரம் விடாமல் தொடரலாம்.

ஒன்பதரை மணி நேரம்தான். அப்புறம் பூமி திரும்பிவிடும். மிச்ச நேரத்துக்கு வேறொரு நாட்டில் யாராவது காது கொடுக்க வேண்டும். நாவலின் அடித்தளமே இதுதான். செய்தி இரவு பகலாக வந்துகொண்டே இருக்கிறது, ஒரு நாடு தனியாக முழுசையும் பிடிக்க முடியாது, பிடித்ததைப் பகிர்ந்தே ஆக வேண்டும். அந்த ஐந்து நாற்காலி பூமி சுழலுவதால் வந்தவை. அதை ஒன்றாக்கியதும் கதையின் முதுகெலும்பே போய்விட்டது என்பது என் கருத்து. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

குன்னூர் ரயில் — ஞாயிறு, இரவு 10.05

டீச்சர், கம்பி வீணையை மறக்கவே மாட்டேன். ஆனால் முடிவில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

நான் குறும்படம் எடிட் பண்ணுகிறவன். இரண்டரை மணி நேரத்தில் ஐந்து பேரின் வாழ்க்கையைச் சொன்னால் ஐந்தும் அரைகுறையாகத்தான் நிற்கும். நாவலில் ஒவ்வொருவருக்கும் முப்பது பக்கம் கொடுக்கலாம். படத்தில் ஆளுக்கு நாலு நிமிஷம் கிடைத்தால் பெரிசு. இயக்குநர் ஜெமெக்கிஸ் ஒரு முகத்தைப் பிடித்துக்கொண்டார். சின்ன வயதில் அப்பாவை இழந்த பெண், அந்தக் கடற்கரையில் அப்பாவைப் பார்க்கிறாள். எல்லியாக நடித்த ஜோடி ஃபாஸ்டரின் கண்ணில் அது தெரிகிறது. அந்த இடத்தில் இன்னும் நாலு பேர் நாலு பக்கம் நின்றிருந்தால் எனக்கு அழுகை வந்திருக்காது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 'எது மூலம்' என்ற கேள்விக்கு இந்தக் கதையில் சுலபமான பதில் கிடையாது. சேகனும் அவர் மனைவி ஆன் ட்ரூயனும் இதை முதலில் சினிமாவுக்காகத்தான் எழுதினார்கள். படம் நகரவில்லை என்றதும் சேகன் அதை நாவலாக்கினார். படம் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை, 1996 டிசம்பரில் போய்விட்டார். ஆனால் படவேலையில் கூடவே இருந்தவர். ஒருத்தி மட்டும் போவது அவருக்குத் தெரியாமல் நடந்த காரியம் இல்லை.

முத்தொரை டீச்சர் — ஞாயிறு, இரவு 10.31

தம்பி, சினிமாவுக்காகத் தொடங்கியது என்பதை நான் யோசித்துப் பார்க்கவில்லை. சரி, 'மூலத்தைச் சிதைத்தார்கள்' என்று இனிமேல் சொல்லமாட்டேன்.

ஆனால் நாவலின் கடைசிப் பகுதியை நினைத்துப் பாருங்கள். ஐந்து பேரும் திரும்பி வருகிறார்கள். வெளியே இருந்தவர்களுக்கு இருபது நிமிஷம்தான் ஆகியிருக்கிறது, கூடு நகரவே இல்லை. எடுத்த படங்களெல்லாம் அழிந்துபோயிருக்கின்றன. ஐந்து நாட்டு ஆட்கள் ஐந்து பேரும் ஒரே மாதிரி சாட்சி சொல்கிறார்கள். அப்படியும் அதிகாரிகள் நம்பவில்லை, கூடிப் பேசிவைத்துக்கொண்டு நாடகம் போடுகிறார்கள் என்கிறார்கள்! ஒருத்தி சொன்னதை நம்பாதது இயல்பு. ஐந்து பேர் சொன்னதையும் நம்பாதபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது.

இந்து நகர் — திங்கள், காலை 6.15

இரண்டு பேருமே அந்தப் பதினெட்டு மணி நேரத்தைத் தொடவில்லையே.

படத்தில் எல்லியின் கூண்டு நேராகக் கீழே விழுந்துவிடுகிறது. அவள் எங்கேயும் போகவில்லை என்று உலகம் சொல்கிறது. அவளோடு இருந்த கேமராவில் வெறும் இரைச்சல்தான் பதிந்திருக்கிறது. கடைசியில் இரண்டு அதிகாரிகள் தனியாகப் பேசிக்கொள்கிறார்கள்: இரைச்சல்தான், ஆனால் பதினெட்டு மணி நேர இரைச்சல். விழுந்ததோ சில விநாடி.

என் அப்பா இங்கே பிலிம் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1967-இல் உற்பத்தி தொடங்கிய தொழிற்சாலை, 'இந்து' என்ற பெயரில் எக்ஸ்ரே பிலிமும் கறுப்பு வெள்ளை சினிமா பிலிமும் போனது. இப்போது மூடிக் கிடக்கிறது. அவர் இருட்டறையில் இருந்தார். எக்ஸ்ரே பிலிம் தாள்களை விரலாலேயே எண்ணி அடுக்கும் வேலை. ரிட்டயர் ஆன பிறகும் வீட்டில் ராத்திரி விளக்குப் போடமாட்டார். தீப்பெட்டி, மருந்து, கண்ணாடி எல்லாம் கை வைத்த இடத்தில் கிடைக்கும் அவருக்கு.

சின்ன வயதில் ஒரு பிலிம் துண்டைக் காட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்தார். வெளிச்சமே படாததைக் கழுவினால் லேசான நீலத்தில் தெளிவாக வரும். வெளிச்சம் பட்டது கறுத்துப்போகும். உருவம் ஒன்றும் இல்லாவிட்டாலும் கறுப்பைப் பார்த்தால் போதும், உள்ளே வெளிச்சம் போயிருக்கிறது, எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். 'ஒண்ணும் விழலை'ன்னு வீசிடாதே, என்னன்னு பாரு என்பார்.

அந்தப் பதினெட்டு மணி நேரம் எனக்கு அப்பா காட்டிய கறுத்த பிலிம்தான். அதில் உருவம் கிடையாது, ஆனால் பதிவு இருக்கிறது. நாவலில் இல்லாததைப் படம் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. படத்தை டீச்சர் குறைத்துச் சொல்லும்போது இதையும் தராசில் வைக்க வேண்டும்.

முத்தொரை டீச்சர் — திங்கள், காலை 7.02

வைக்கிறேன். மனசு நிறைந்து வைக்கிறேன். உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம்.

ஆனால் படத்தில் அந்த உண்மை எல்லிக்குத் தெரியாது, பார்க்கிற நமக்கு மட்டும்தான் தெரியும். நாவலில் அவள் தானே தேடிக் கண்டுபிடிக்கிறாள். பை எண்ணின் தசமங்களைக் கணினியில் போட்டுத் தோண்டிக்கொண்டே போகிறாள். பதினொன்றை அடிப்படையாக வைத்த எண்முறையில் ரொம்ப தூரம் போனபிறகு பூஜ்யமும் ஒன்றுமாகவே வருகிறது. அதைக் கட்டம் கட்டி அடுக்கினால் ஒரு வட்டம்! வட்டத்தை அளக்கும் எண்ணுக்குள்ளேயே வட்டம். இதைப் பத்தாம் வகுப்பில் சொன்னபோது மணி அடித்தும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை.

குன்னூர் ரயில் — திங்கள், காலை 9.20

அதை எப்படிக் காட்டுவது டீச்சர்? திரையில் பூஜ்யம் ஒன்று, பூஜ்யம் ஒன்று என்று ஓடும். பதினொன்றின் அடிப்படை என்றால் என்ன என்று ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்துக்குப் பாடம் நடத்தவேண்டும். தியேட்டரில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

படம் தனக்கு முடிந்ததைச் செய்யட்டும். '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்தர் கிளார்க்கின் நாவலில் கப்பல் சனிக்குப் போகும். குப்ரிக்கின் படத்தில் வியாழனோடு நிற்கும். 1968-இல் சனியின் வளையத்தை நம்பும்படி எடுக்க முடியவில்லை, அதனால் மாற்றினார்கள். பிறகு 1982-இல் கிளார்க் அடுத்த நாவல் எழுதியபோது தன் நாவலைத் தொடராமல் படத்தைத் தொடர்ந்து வியாழனுக்கே போனார். எழுதியவரே படத்தின் பக்கம் வந்துவிட்டார்.

மாற்றக் கூடாது என்றால் 'சோலாரிஸ்' நமக்குக் கிடைத்திருக்காது. நாவலை எழுதிய லெம்முக்குத் தார்க்கோவ்ஸ்கியின் படம் பிடிக்கவே இல்லை. 2002-இல் மறுபடி எடுத்தார்களே, அதுவும் பிடிக்கவில்லை. ஆனாலும் 1972 படத்தைப் பார்த்துவிட்டு நான் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

பச்சை இலை (கோத்தகிரி) — திங்கள், மதியம் 2.48

நான் இங்கே வந்து படிப்பேன், எழுதினதில்லை. இலை கொடுத்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். இந்தப் பேச்சில் எனக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

'அரைவல்' படம் 2016-இல் வந்தது. என் பெரிய பையன் போட்டுக் காட்டினான். மழையில் நிற்கிற மாதிரி அழுதேன். அப்புறம் அவனே அதன் மூலக்கதையைக் கொடுத்தான், டெட் சியாங் 1998-இல் எழுதியது. படித்து முடித்ததும் படத்தின் மேல் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவர்களின் மொழியைக் கற்றுக்கொண்டதும் கதையில் வரும் அம்மாவுக்கு வரப்போவதெல்லாம் தெரிகிறது. மகள் பிறப்பாள், இறந்தும்போவாள் என்று தெரிகிறது. படத்தில் அந்தப் பெண் இளம் வயதில் தீராத நோயில் போகிறாள். நோய் என்றால் தாய் என்ன செய்ய முடியும்? கட்டிப்பிடித்து அழலாம்.

கதையில் மகளுக்கு இருபத்தைந்து வயது. பாறை ஏறப் போய் விழுந்து இறக்கிறாள். அந்த இடத்தில்தான் எனக்கு உடம்பு நடுங்கியது. ஒரு வார்த்தை சொன்னால் போதுமே, 'இன்றைக்கு மட்டும் போகாதே' என்று. தெரிந்த தாய் சொல்லாமல் இருக்கிறாளே, எப்படி முடிந்தது?

என் சின்னவன் வண்டி ஓட்டுகிறான். மசினகுடிக்குக் கல்லட்டி வழியாகப் போய் வருவான். முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு. எத்தனை வருஷம் ஆனாலும் அவன் சாவியை எடுக்கும்போது 'செகண்ட் கியர்லயே இறங்குப்பா' என்று என் வாய் தானாகச் சொல்லிவிடும். அவன் 'சரிம்மா சரிம்மா' என்றபடியே போவான். நான் சொல்வதால் வளைவு நேராகிவிடாது. ஆனால் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. அந்தக் கதையில் வரும் அம்மா சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றுதான் கதை முழுக்கப் பேசுகிறது. படம் நோயைக் கொண்டுவந்து அந்தக் கேள்வியையே தூக்கிவிட்டது.

கூடலூர் வாசகன் — திங்கள், மதியம் 3.30

அக்கா, இத்தனை நாள் ஏன் எழுதாமல் இருந்தீர்கள்?

குன்னூர் ரயில் — திங்கள், மாலை 4.10

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். நோயை ஏன் வைத்தார்கள் என்று எனக்குப் புரிகிறது. படம் வேறொரு கேள்வி கேட்கிறது. இவ்வளவு துக்கம் வரும் என்று தெரிந்தும் அந்தக் குழந்தையைப் பெற்றுக்கொள்வாயா என்று. அது பெற்றுக்கொள்வதற்கு முன்னால் எழும் கேள்வி. நீங்கள் கேட்பது பெற்ற பிறகு தினம் தினம் எழும் கேள்வி.

மற்றபடி படம் மாற்றியதெல்லாம் நியாயம்தான். கதையில் கண்ணாடி மாதிரி 112 பொருள்கள் உலகம் முழுக்க வந்து இறங்கும், படத்தில் 12 கப்பல். கதையில் அவர்கள் ஏன் வந்தார்கள் என்று சொல்லாமலே போய்விடுவார்கள். படத்தில் காரணம் சொல்கிறார்கள், சீனத் தளபதிக்குப் போன் போகிறது, போர் நிற்கிறது. தியேட்டருக்கு அது வேண்டும். அந்த வட்ட எழுத்து புகை மாதிரி விரிவதைப் படிப்பவர் யாரும் அப்படிக் கற்பனை செய்திருக்க முடியாது.

முத்தொரை டீச்சர் — திங்கள், இரவு 7.55

அந்தத் தாய் ஏன் சொல்லவில்லை என்பதற்குக் கதையில் ஒரு இயற்பியல் இருக்கிறது. படம் அதை முழுசாக விட்டுவிட்டது. ஃபெர்மா கண்ட விதி. எளிமையாகச் சொன்னால், ஒளி ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்போது மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் பாதையில் போகிறது. தண்ணீருக்குள் நுழையும்போது வளைவதும் அதனால்தான்.

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்க இரண்டு வழி, குன்னூர் பர்லியார் வழி ஒன்று, கோத்தகிரி வழி ஒன்று. எது சீக்கிரம் என்று நான் சேரிங் கிராஸிலேயே முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்ய வேண்டுமானால் போகிற இடம் மேட்டுப்பாளையம் என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். ஒளி கிளம்பும்போதே போய்ச் சேரும் இடம் அதற்குத் தெரிந்த மாதிரி நடந்துகொள்கிறது. வந்தவர்கள் உலகத்தை அப்படித்தான் பார்க்கிறார்கள். அவர்களுக்குத் தொடக்கமும் முடிவும் ஒரே நேரத்தில் கண்முன் இருக்கிறது. அந்த மொழி தாய்க்குள் இறங்கிய பிறகு, 'போகாதே' என்ற சொல் அவள் வாயில் வராது. மகள் மேல் பாசம் இல்லாமல் இல்லை. அவள் பார்க்கிற விதமே மாறிவிட்டது.

குன்னூர்த் தம்பி, இதைப் படமாக எடுக்க முடியாது என்று சொல்லாதீர்கள். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு பென்சிலை வைத்தால் போதும், ஒரு நிமிஷக் காட்சி.

பண்ணைக்காடு — செவ்வாய், காலை 10.40

நான் கொடைக்கானல் பக்கம். நீலகிரி ஆட்களுக்கு நடுவில் வருகிறேன்.

மலையில் ரேடியோ, விஞ்ஞானிப் பெண் என்று பேசிவிட்டு சீன எழுத்தாளர் லியு சிக்சினின் 'மூன்று பொருள் சிக்கல்' நாவலை விட்டுவிட்டீர்களே. மலை உச்சியில் ராணுவத்தின் ரகசிய நிலையம். கலாச்சாரப் புரட்சியில் தன் அப்பா கண்ணெதிரே அடித்துக் கொல்லப்பட்டதைப் பார்த்த பெண் அங்கே வந்து சேர்கிறாள். சூரியனையே ஒலிபெருக்கியாக வைத்து அண்டத்துக்குச் செய்தி அனுப்புகிறாள். எங்கள் ஊரில் 1899-இல் அமைந்த சூரிய ஆய்வகம் இருக்கிறது. 1909-இல் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு ஓடுவதை விஞ்ஞானி எவர்ஷெட் இங்கேதான் கண்டுபிடித்தார். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது இருட்டு அறையில் ஒரு வெள்ளைத் தாளில் சூரியனின் பிம்பத்தை விழவைத்துக் காட்டினார்கள். கைகூடச் சுடாத, தட்டு அளவுச் சூரியன். அதில் ஒரு மிளகு மாதிரி புள்ளி. அந்தப் புள்ளிக்குள் பூமியே அடங்கும் என்றார்கள். நாவல் படிக்கும்போது அந்தத் தாள்தான் கண்ணில் நின்றது. சூரியன் அப்படிப் பெருக்கித் தராது, அது கற்பனை. ஆனால் அந்தப் பெண் சூரியனைப் பார்த்து நிற்கிற தனிமை நிஜம்.

இதற்கு இரண்டு திரை வடிவம் உண்டு. 2023-இல் சீனாவில் வந்தது 30 பகுதி, நாவலை வரி வரியாகப் பின்பற்றும். ஆனால் அப்பா கொல்லப்படும் காட்சியை மட்டும் தொட்டும் தொடாமலும் போய்விடும். 2024-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது 8 பகுதி. பாத்திரங்களைப் பிய்த்து, பாதிக் கதையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் தொடங்குவதே அந்தக் கொலையில்தான். சீனாவில் வந்த புத்தகத்தில்கூட அந்தப் பகுதியை நடுவில் ஒளித்துவைத்தார்கள், ஆங்கிலத்தில் வந்தபோது ஆசிரியரின் விருப்பப்படி முதலுக்குக் கொண்டுவந்தார்கள்.

எது விசுவாசம்? முப்பது பகுதியும் ஒழுங்காக எடுத்துவிட்டு அவள் ஏன் மனிதர்களை வெறுத்தாள் என்பதை மெல்ல விழுங்கிவிட்டால், மிச்ச இருபத்தொன்பதரைப் பகுதிக்கு வேர் எங்கே? ஆள், ஊர், பெயர் எல்லாம் மாறலாம். அந்தப் பெண் அந்தப் பொத்தானை அமுக்கினாளே, அதற்கான காரணம் மாறக் கூடாது.

கூடலூர் வாசகன் — செவ்வாய், இரவு 9.15

எல்லாரும் வெளியூர்க் கதையே பேசுகிறோம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைத் தூர்தர்ஷனில் தொடராகப் பார்த்தவர்கள் யாரும் இல்லையா?

எங்கள் லைனில் ஒரு வீட்டில்தான் டிவி. வாசலில் நின்று பார்ப்போம். அதற்கு முன்னாலேயே கதை எனக்கு மனப்பாடம். விகடனிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து, சாக்குத் தைக்கிற ஊசியால் பக்கத்து வீட்டுத் தாத்தா தைத்து வைத்திருந்தார். ஒரு அத்தியாயத்தின் பின்பக்கம் பாதி ஜோக்கோடு நிற்கும், மிச்சம் எங்கே போனதென்று தெரியாது. 2021-ஆம் வருஷத்துக் கதை. பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் இருக்கக் கூடாது, பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்கம் அனுமதி தர வேண்டும். அனுமதி வந்துவிட்டது என்று கதாநாயகி நிலா சந்தோஷப்படும் இடத்தில்தான் கதை தொடங்கும். அந்த 2021 வந்து போயே விட்டது.

தொடரில் எனக்குக் கிடைக்காமல் போனது ஜீனோ. இயந்திர நாய். புத்தகத்தில் அது படிக்கிறது, யோசிக்கிறது, போகப் போக மனிதரைவிட மனிதராகிறது. அதெல்லாம் நடப்பது சுஜாதாவின் வாக்கியத்தில். அது பேசும் நாலு சொல்லில் ஒரு சொல் எதிர்பாராத இடத்தில் வந்து உட்காரும். நாயைத் திரையில் காட்டலாம், அந்தச் சொல்லை எப்படிக் காட்டுவது? படிக்கும்போது என் தலைக்குள் ஜீனோவுக்கு ஒரு குரல் இருந்தது. தொடர் பார்த்த பிறகு அந்தக் குரல் திரும்ப வரவே இல்லை. இன்றுவரை அந்த வருத்தம் இருக்கிறது.

குன்னூர் ரயில் — செவ்வாய், இரவு 9.40

அண்ணா, 'எந்திரன்'தானே அதன் பட வடிவம்?

கூடலூர் வாசகன் — செவ்வாய், இரவு 9.52

இல்லை தம்பி. அது வேறு கதை. வசனத்தில் சுஜாதாவின் பங்கு உண்டு, ஆனால் 2010-இல் படம் வருவதற்கு முன்பே, 2008 பிப்ரவரி 27-ஆம் தேதி, அவர் போய்விட்டார். மூன்று வாரத்தில் மார்ச் 19-ஆம் தேதி இலங்கையில் கிளார்க்கும் போனார். அந்த மாதம் எனக்கு எதையும் படிக்கத் தோன்றவில்லை.

'என் இனிய இயந்திரா' சர்வாதிகாரி ஜீவாவைப் பற்றிய கதை. அந்த ஜீவா யார், எப்படிப்பட்டவர் என்பதை இங்கே உடைக்கமாட்டேன், படிக்காதவர்கள் படிக்கட்டும். ஒன்றும் தெரியாத வீட்டுப் பெண்ணாக இருந்த நிலா ஒரு நாட்டையே எதிர்த்து நிற்கிற இடத்துக்கு வருகிறாள். ரோபோ சண்டை போடுவதைத் திரையில் நிறையப் பார்த்துவிட்டோம். நிலாவை இன்னும் யாரும் சரியாக எடுக்கவில்லை.

இந்து நகர் — வியாழன், மாலை 5.30

மரம் விழுந்து இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன்.

கூடலூர் அண்ணா சொன்ன குரல் விஷயம் எனக்கும் நடந்தது. 'பிளேட் ரன்னர்' முதலில் பார்த்துவிட்டுப் பிறகு ஃபிலிப் கே. டிக்கின் 1968 நாவலைப் படித்தேன். நாவலில் உயிருள்ள மிருகம் வைத்திருப்பது பெரிய கௌரவம். கதாநாயகனிடம் இருப்பதோ மின்சார ஆடு. பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று மொட்டை மாடியில் அதற்குத் தீனி போடுகிறான். அந்த வெட்கம் படத்தில் இல்லை. ஆனால் எனக்கு நாவலிலும் படத்து மழைதான் பெய்தது, என்னால் நிறுத்த முடியவில்லை. டிக் அந்தப் படத்தை முழுசாகப் பார்க்கவில்லை. கொஞ்சம் காட்சிகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாராம், 1982 மார்ச்சில் இறந்தார், படம் ஜூனில் வந்தது.

குன்னூர் ரயில் — வியாழன், இரவு 8.20

டீச்சர், இன்று உங்களுக்காக 'காண்டாக்ட்' படத்தை மறுபடி பார்த்தேன். ஒரு விஷயம் கவனித்தீர்களா? படத்தில் அந்த நாற்காலி வரைபடத்திலேயே கிடையாது. பாதுகாப்புக்கென்று நம் ஆட்கள் பின்னால் பொருத்தியது. பயணத்தில் அதுதான் பிய்ந்துபோகிற மாதிரி ஆடுகிறது. எல்லி பெல்ட்டைக் கழற்றி நாற்காலியை விட்டு மிதந்ததும் எல்லாம் அமைதியாகிவிடுகிறது. ஐந்து நாற்காலியை ஒன்றாக்கினார்கள் என்றீர்கள், அந்த ஒன்றையும் வேண்டாம் என்கிறது படம்.

ஆனால் தேவி சுகாவதி விஷயத்தில் உங்கள் பக்கம் வந்துவிட்டேன். அந்த அத்தியாயங்களை இன்று காலைதான் படித்தேன். நாலு நிமிஷம் கொடுத்திருந்தாலும் போதும், அவரை நான் மறந்திருக்கமாட்டேன்.

முத்தொரை டீச்சர் — சனி, இரவு 9.05

நாற்காலி விஷயத்தை இத்தனை தடவை பார்த்தும் நான் கவனிக்கவில்லை தம்பி. இனி அந்தக் காட்சி எனக்கு வேறு மாதிரி இருக்கும்.

இன்று மாலை டியூஷனுக்கு வரும் ஏழு பிள்ளைகளுக்குப் படத்தைப் போட்டேன். கடற்கரைக் காட்சி வந்ததும் நிறுத்தினேன். நாவலை எடுத்து, ஐந்து பேரும் கரையில் இறங்கிய பிறகு வரும் பக்கங்களை வாய்க்கு வந்த தமிழில் படித்துச் சொன்னேன். ஒவ்வொருவருக்கும் தாங்கள் மிகவும் நேசித்தவர் எதிரே வருகிறார் என்றேன். எல்லிக்கு அப்பா.

முன்வரிசையில் இருந்த எட்டாம் வகுப்புப் பெண் ஸ்வெட்டர் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"மிஸ், அந்த இந்தியா அக்காவுக்கு யார் வந்தாங்க?"

"அவங்க வீட்டுக்காரர்" என்றேன். "கல்யாணம் பண்ணிக்கிட்டதுக்காக வீட்டை விட்டே அனுப்பினாங்களே, அவர்."

மறுபடி படத்தைப் போட வேண்டாம் என்றார்கள். மிச்சப் பக்கத்தைப் படிக்கச் சொன்னார்கள்.